மார்க்வெட்ரி ஒட்டும்போது பசை மேலே ஊறி வராமல் இருக்க

வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள்களைப் படமாக வெட்டிச் சேர்த்துப் பலகையில் ஒட்டுவதுதான் மார்க்வெட்ரி. அப்படி ஒட்டி பிரஸ்ஸிலிருந்து எடுத்த பலகை காய்ந்திருக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. டேப்பை உரித்து, சுரண்டி, உப்புத்தாள் போட்டு முடித்து முதல் பூச்சு எண்ணெய் தடவியதும்தான் வால்நட்டில் வெட்டிய இலையின் நடுவே எண்ணெயைக் குடிக்காத வெளிறிய திட்டு ஒன்று தலைகாட்டும். பக்கத்தில் இன்னொன்று. அது வேறொன்றுமில்லை, கீழே தடவிய பசைதான். வெனீரின் நுண்துளைகள் வழியே மேல்முகம் வரை ஏறி, அங்கேயே இறுகி உட்கார்ந்துவிட்டது. இனி அந்த இடத்தில் சாயமும் இறங்காது, எண்ணெயும் இறங்காது.

இதற்குப் பெரும்பாலானவர்கள் அழுத்தத்தைக் குறை சொல்வார்கள். அடுத்த பலகைக்கு கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்திப் போடுவார்கள், அப்போது திட்டுக்குப் பதில் கொப்புளம் வரும். என் கருத்தில் அழுத்தம் குற்றவாளியே இல்லை. பசை எவ்வளவு இருக்கிறது, அது மேலே போக எத்தனை வழி திறந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. இரண்டுமே பிரஸ்ஸை மூடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் வெனீர் பெரும்பாலும் 0.5 முதல் 0.6 மி.மீ. தடிமன்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் பசை தடவினால் ஈரப்படலம் ஏறத்தாழ 0.14 மி.மீ. வரும், அதாவது வெனீரின் தடிமனில் கால் பங்கு. கை தாராளமாகி 300 கிராம் போய்விட்டால் பாதி. பலகையின் நடுவில் மிஞ்சிய பசை ஓரம் வழியாக வெளியேற வேண்டுமென்றால், தாள் நுழையாத இடுக்கில் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். மேலே போக அரை மில்லிமீட்டர்தான். எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

சாதாரண வெனீர் வேலையில் வழி ஒன்றுதான், நுண்துளை. மார்க்வெட்ரியில் இரண்டு. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே வாள் விட்டுப்போன கீற்று இரண்டாவது வழி. அது போதாதென்று, ஒரே படத்தில் எட்டு வகை மரம் இருக்கும், ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதிரி குடிக்கும். மேப்பிளும் ஹாலியும் நெருக்கமான மரங்கள், அவ்வளவு எளிதில் பசையை மேலே விடாது. ஓக், ஆஷ், வெங்கே மூன்றும் பெரிய துளை மரங்கள். எல்லாவற்றையும்விட மோசம் பர்ல், அதாவது மரத்தின் முண்டில் எடுத்த சுழிரேகை வெனீர். அதில் ரேகை எல்லாப் பக்கமும் சுழல்வதால் பல இடங்களில் குறுக்குவெட்டு முகமே மேலே பார்த்துக்கொண்டிருக்கும், குழாய்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊசித்துளைகளும் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே ஒரு பர்ல் தாளைப் பிடித்துப் பாருங்கள், எத்தனை புள்ளி வெளிச்சம் தெரிகிறதோ அத்தனை இடத்திலும் பசை வரும்.

எந்தப் பசை

வெள்ளை அல்லது மஞ்சள் பி.வி.ஏ., அதாவது சாதாரண மரவேலைப் பசை, எல்லோர் கையிலும் இருக்கிறது, வேலை செய்வது சுலபம், சிறிய பலகைக்குப் போதும். ஆனால் அதில் நீர் அதிகம். வெனீர் நீரைக் குடித்து விரியும், காய்ந்ததும் சுருங்கும், அப்போது இணைப்புகள் வாய் திறக்கும். மேலே வந்துவிட்டால் தண்ணீரில் கரையாது, தேய்க்கத் தேய்க்கச் சூட்டில் இளகி இழுபடும். பி.வி.ஏ.தான் என்றால் வெனீருக்கென்றே விற்கும் கெட்டியான வகையை வாங்குங்கள். தண்ணீர் கலந்து இளக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ரோலர் சுகமாக ஓடும் என்று கலப்பார்கள், அதே சுகத்தோடு பசை துளைக்குள்ளும் ஓடும்.

யூரியா பார்மால்டிஹைடு பசை, பொடியாக வரும் வகை, பெரிய மார்க்வெட்ரிப் பலகைக்கு என் முதல் தேர்வு. இறுகினால் கல் மாதிரி, பின்னால் நகராது, தடவிவிட்டு நிதானமாகத் துண்டுகளைச் சரிபார்க்க நேரம் கிடைக்கும். இதை வேண்டிய அளவுக்குக் கெட்டியாகக் கலக்கலாம் என்பது பெரிய வசதி. பொடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்துக் கலக்கினால் குழம்பு கனத்துத் துளைக்குள் இறங்கத் தயங்கும். இது வீட்டு வைத்தியம் இல்லை, பிளைவுட் ஆலைகளில் கோதுமை மாவையும் வால்நட் ஓட்டுத் தூளையும் பசையில் சேர்ப்பது வழக்கமான முறை. கலக்கும்போது முகமூடியும் கையுறையும் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த அறையில் இந்தப் பசை சரியாக இறுகாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பசைக்கு நிறம் கொடுக்கவும் முடியும். பொடி நிறமியைக் கொஞ்சம் கலந்து மரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், ஊறி வந்தாலும் அது துளையை நிரப்பும் பூச்சு போலத்தான் தெரியும். முழுக்க வால்நட், மஹோகனி என்று பழுப்பு மரங்களாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யலாம். படத்தில் வெள்ளை மரம் இருந்தால் அடர் நிறம் வேண்டாம். கறுப்பு மரத்தில் வெளிர் புள்ளி வந்தால் பிறகு மறைக்கலாம், ஹாலியில் பழுப்புப் புள்ளி வந்தால் மறைக்க வழியில்லை.

தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையை விட்டுவிடக் கூடாது. அது மேலே வந்தாலும் பயமில்லை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும், மிச்சம் இருப்பதும் பாலிஷை அவ்வளவாகத் தடுக்காது. பழைய காலத்து வேலைகளில் இந்தப் பிரச்சினை பெரிதாகப் பேசப்படாததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். ஈரத்தில் இளகும் என்பதால் தண்ணீர் படும் மேசைக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.

பாலியூரிதேன் பசை பக்கமே போகாதீர்கள், அது நுரைத்து விரியும், பர்ல் துளை ஒவ்வொன்றிலும் நுரை எட்டிப் பார்க்கும். எபாக்ஸி பித்தளை, சிப்பி போன்ற துண்டுகளுக்கும் எண்ணெய்ப்பசை மிகுந்த ரோஸ்வுட் வகைகளுக்கும் தேவைப்படலாம். அப்படியானால் சிலிக்கா தூள் போட்டுக் கெட்டியாக்கித்தான் தடவ வேண்டும், இல்லையென்றால் அது மெதுவாக ஊர்ந்தே மேலே வந்துவிடும்.

வழிகளை அடைப்பது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் தாவிப் போவதும் இதைத்தான்.

முதலில் கீற்று. கத்தியால் வெட்டிப் பொருத்தினால் இடைவெளியே கிட்டத்தட்ட இருக்காது. ஃப்ரெட் வாளில் (மெல்லிய அலகுள்ள வளைவு அறுக்கும் வாள்) இரண்டு மரங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேசையைச் சாய்த்து அறுத்தால், வாள் தின்ற அகலத்தை அந்தச் சாய்வே ஈடுகட்டிவிடும். பல தாள்களை அடுக்காகக் கட்டி நேராக அறுக்கும் முறையில் கீற்று இருந்தே தீரும். அந்தக் கீற்றைப் பசை வந்து நிரப்புவதற்கு முன் நீங்களே நிரப்பிவிடுங்கள். பிரெஞ்சு மார்க்வெட்ரிப் பட்டறைகளின் பழைய முறை இது: சட்டத்தில் இழுத்து ஒட்டிய கிராஃப்ட் காகிதத்தின் மேல், துண்டுகளை மேல்முகம் கீழே இருக்கும்படி வச்சிரப் பசையால் ஒட்டி முடிப்பார்கள். பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து நுண்ணிய மரத்தூளும் வச்சிரப் பசையும் குழைத்த மக்கைக் கீற்றுகளில் தேய்த்து அடைப்பார்கள். காய்ந்ததும் முதுகைச் சுரண்டிச் சமமாக்குவார்கள்.

டேப் போட்டுச் சேர்த்த படத்துக்கும் இதையே செய்யலாம். மக்கு கெட்டியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் அட்டையால் கீற்றின் குறுக்கே ஒரு இழுப்பு, மிச்சத்தை உடனே வழித்துவிடுங்கள். அதிக ஈரம் பட்டால் துண்டுகள் விரிந்து டேப்பை நெம்பும். முடித்ததும் இரண்டு பக்கமும் சுத்தமான காகிதம் வைத்து, பலகைகளுக்கு நடுவே ராத்திரி முழுக்க பாரம் ஏற்றிக் காயவிடுங்கள். இந்த மக்கைப் பி.வி.ஏ.வில் குழைக்காதீர்கள், நாம் எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதையே கையால் கொண்டுபோய் மேலே பூசியதாகிவிடும்.

சூடான மணலில் நிழல் போட்ட துண்டுகள் தனிக் கவனம் கேட்கும். கருக்கிய ஓரம் காய்ந்து சுருங்கியிருக்கும். அப்படியே பொருத்தினால் அங்கே இடைவெளி விழும், பசை நேராக அதில் ஏறி, படத்தில் எல்லோர் கண்ணும் போகும் இடமான அந்த நிழலிலேயே திட்டாக நிற்கும். கருக்கியதும் துண்டை லேசாக ஈரப்படுத்தி, தட்டையாக அழுத்தி வைத்து, பழைய அளவுக்கு வந்த பிறகே பொருத்துங்கள்.

அப்புறம் நுண்துளை. பர்ல் போன்ற துண்டுகளின் முதுகில் மட்டும் மிக நீர்த்த வச்சிரப் பசையை ஒரு தடவை தூரிகையால் தடவிக் காயவிட்டு, எழும்பிய நாரை மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டால் பாதித் துளைகள் அடைந்துவிடும். ஷெல்லாக்கை, அதாவது அரக்குப் பூச்சை, முதுகில் அடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், நீரில் கரைந்த பசைக்கு மரநார் வேண்டும், ஷெல்லாக் படலத்தின் மேல் அது நம்பிக்கையாகப் பிடிக்காது.

தடிமனையும் பாருங்கள். காலிப்பரில் அளந்தால் ஒரே கட்டில் வாங்கிய தாள்கள்கூட வித்தியாசப்படும். மேல்முகத்தில் டேப் போட்டுச் சேர்ப்பதால் மேல் சமமாக இருக்கும், மேடு பள்ளம் எல்லாம் முதுகில் இருக்கும். பள்ளமான துண்டின் அடியில் பசை குளமாகத் தேங்கும், அழுத்தம் வந்ததும் பக்கத்துக் கீற்று வழியாக மேலேறும். 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் உள்ள மரங்களை ஒரே படத்தில் சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் முதுகைச் சுரண்டிச் சமப்படுத்திவிட்டு ஒட்டுங்கள்.

தடவுவது

பசை அடிப்பலகையில் மட்டும். வெனீரில் ஒரு சொட்டுகூட வேண்டாம். வெனீரில் தடவினால் அது குடித்துச் சுருளும், குடித்ததில் பாதி அப்போதே மேல்முகத்தை நோக்கிக் கிளம்பிவிடும்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசில் எடை போடுங்கள். 40 செ.மீ.க்கு 50 செ.மீ. பலகை என்றால் 0.2 சதுர மீட்டர், அதற்கு 30 கிராம் போதும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். காய்ந்த மரத்துக்கு இது போதாது என்று கை துடிக்கும், துடிக்கட்டும். ரோலரே நிறையப் பசையைக் குடித்துக்கொள்ளும் என்பதால், பசைத் தட்டையும் ரோலரையும் சேர்த்து முதலில் எடை பாருங்கள், தடவி முடித்ததும் மறுபடி பாருங்கள். குறைந்த எடைதான் பலகையில் இருப்பது. ரெண்டு மூன்று பலகைக்கு இப்படிச் செய்தால் கண் பழகிவிடும், அப்புறம் தராசு தேவைப்படாது.

நுண்பல் சீப்பால் இழுத்துப் பரப்பி, அதன்மேல் குட்டை ரோமமோ நுரையோ உள்ள ரோலரை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். பிறகு தலையைக் குனிந்து, ஜன்னல் வெளிச்சம் பலகையில் சாய்ந்து விழும்படி பாருங்கள். படலம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாக, பொடிப்பொடிச் சொரசொரப்போடு இருக்க வேண்டும். எங்காவது கண்ணாடி போலப் பளபளத்தால் அங்கே தேங்கியிருக்கிறது, ரோலரால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். அடிப்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வேலை சுலபம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குடிக்கும். வழவழப்பான, பசையைக் குடிக்காத பலகை என்றால் மொத்தப் பசையும் வெனீர் பக்கம்தான் போகும், ஆகவே 80 நம்பர் உப்புத்தாளால் முதலிலேயே கீறிவிடுங்கள்.

பி.வி.ஏ. என்றால் தடவியதும் உடனே மூடாதீர்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விடுங்கள், அடிப்பலகை கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்ளும், பசை கனத்துப் பிசுபிசுக்கும். விரலை வைத்தால் விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், நூலாக மட்டும் இழுபட்டால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

அழுத்துவது

மேலே மெல்லிய பாலிதீன் தாள், அதன்மேல் அழுத்துப் பலகை. மெழுகுக் காகிதம் ஒட்டாது என்றாலும் மெழுகு மரத்தில் ஏறி பாலிஷைக் கெடுக்கலாம், அச்சடித்த செய்தித்தாளில் மை இறங்கும். வேக்குவம் பை (காற்றை உறிஞ்சி அழுத்தும் பை) உபயோகிப்பவர்கள், காற்று வெளியேற வழிவிடும் வலையை வெனீரின் மேல் நேரடியாகப் போட வேண்டாம். வழவழப்பான பலகை ஒன்றை இடையில் வைத்து அதன்மேல் வலையைப் போடுங்கள், இல்லாவிட்டால் வலையின் கட்டங்கள் அப்படியே மரத்தில் பதிந்துவிடும்.

அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று சொன்னேன். பையில் 0.8 பார் வேக்குவம் இருந்தால் சதுர மீட்டருக்கு 8 டன், நம் 40க்கு 50 பலகையின் மேல் 1.6 டன். கேட்க நிறையத் தெரிந்தாலும் சரியான படலத்துக்கு அது அதிகமில்லை, அது எல்லா இடத்திலும் சமமாக விழுகிறது. கிளாம்ப்பில்தான் ஆபத்து: திருகின் நேர்கீழே நசுங்கும், இரண்டு திருகுக்கு நடுவே தூக்கிக்கொண்டு நிற்கும், நசுங்கிய இடத்துப் பசை தூக்கிய இடத்தில் போய்க் குளமாகும், குளம் கட்டிய இடத்தில் திட்டு. அழுத்துப் பலகை தடியாக இருக்கட்டும், குறுக்குச் சட்டங்களின் நடுப்பகுதி ஒரு நூலளவு புடைத்திருக்கட்டும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். எல்லாவற்றையும் பாதி முறுக்கி, ரெண்டு நிமிடம் விட்டு, அப்புறம் முழுசாக முறுக்குங்கள், பசைக்குப் பக்கவாட்டில் நகர அவகாசம் கிடைக்கும். ஓரத்தில் அங்கங்கே சிறு மணிகள் அரும்பினால் அளவு சரி. ஒழுகினால் அதிகம், ஒன்றுமே வரவில்லை என்றால் குறைவு.

சூடாக்கி ஒட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்தப் பசையும் இறுகுவதற்கு முன் சூட்டில் முதலில் இளகும். அந்தச் சில நிமிடங்களில்தான் துளைக்குள் ஓடும். சூடு வைப்பதாக இருந்தால் பசையை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

யூரியா பசைக்குச் சாதாரண அறைச் சூட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். கிண்ணத்தில் மிஞ்சியதை எறியாமல் வைத்திருங்கள், அது நகத்துக்கு அசையாமல் இறுகியிருந்தால்தான் பிரஸ்ஸைத் திறக்கலாம். பின்பக்கத்துக்கும் ஒரு வெனீர் ஒட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பலகை வளையும், அது வேறு கதை.

படத்துக்கு வாங்கிய அதே பர்லில் மிஞ்சிய துணுக்குகளை எடுத்து, அதே அடிப்பலகைத் துண்டில், குறைவு, சரி, அதிகம் என்று மூன்று அளவில் பசை தடவி முதலிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டால் இத்தனை யோசனையும் பாதியாகக் குறையும். ஒரு ராத்திரிதான் செலவு.

இவ்வளவுக்குப் பிறகும் வந்துவிட்டால்

திறந்ததும் சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். கட்டைகளின் மேல் தூக்கி வைத்து இரண்டு பக்கமும் காற்றோடும்படி ஓரிரு நாள் விடுங்கள், ஈரம் போனதும் இணைப்புகள் கொஞ்சம் உள்வாங்கும், அதற்குப் பிறகு சமப்படுத்துவதுதான் நிற்கும். கம் டேப்பை (தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்) ஈரப் பஞ்சால் லேசாக நனைத்துக் காத்திருந்து உரியுங்கள். ஒரு இடத்தில் மட்டும் டேப் வர மறுத்தால் அதன் கீழே பசை வந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், இழுத்தால் மரநாரோடு வரும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பாலிஷுக்கு முன்பே தெரிந்துகொள்ள, டர்பன்டைனில் துணியை நனைத்து முழுப் பலகையையும் ஒரு முறை துடையுங்கள். மரம் கருத்து நனையும், பசை உள்ள இடம் வெளிறி நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

மேலாக நிற்கும் பசையைக் கூரான ஸ்கிரேப்பரால் எடுங்கள், உப்புத்தாளை விட அதுதான் நல்லது. பி.வி.ஏ. உப்புத்தாளின் சூட்டில் இளகித் துளைக்குள்ளேயே திரும்பப் போகும். வெதுவெதுப்பான வெள்ளை வினிகர் பி.வி.ஏ.வைக் கொஞ்சம் இளக்கும், ஓக், ஆஷ் போன்றவற்றில் மெல்லிய பித்தளைத் தூரிகையை ரேகை வழியே ஓட்டித் துளையிலிருந்து கிளப்பலாம். பர்லிலும் ஹாலியிலும் தூரிகை வேண்டாம், கீறல் நிரந்தரமாகிவிடும். இறுகிய யூரியா பசையை எதுவும் கரைக்காது, சுரண்டல் மட்டும்தான். அதிலும் சமப்படுத்திய பிறகு உங்களிடம் 0.4 மி.மீ. மரம்தான் மிச்சம் இருக்கிறது, பசையைத் துரத்திக்கொண்டே போனால் அடிப்பலகை தெரிந்துவிடும். ஓரளவோடு நிறுத்துங்கள்.

மிச்சத்துக்கு பாலிஷை மாற்றுங்கள். சாயமும் எண்ணெயும் திட்டைக் காட்டிக்கொடுக்கும், ஷெல்லாக்கும் லேக்கரும் பெருமளவு மறைக்கும். மெழுகு நீக்கிய ஷெல்லாக் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, வெளிர்ப் புள்ளிகளை மட்டும் மெல்லிய ஓவியத் தூரிகையில் பொடி நிறமியும் ஷெல்லாக்கும் தொட்டு, பக்கத்து மரத்தை விட ஒரு நிழல் குறைவாகவே நிறம் கொடுங்கள். காய்ந்ததும் பார்த்துவிட்டு, போதாது என்றால் இன்னொரு தொடல், அதன்மேல் அடுத்த பூச்சு.